காட்டுக்குக் கேட்காத வண்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

எடை குறைந்த மின்சார பைக்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘சத்தமே இல்லை’ என்பதைத்தான் கட்டுரையாளர் முதல் பெருமையாகச் சொல்லியிருந்தார். வால்பாறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எஸ்டேட் வேலை பார்ப்பவனுக்கு அந்த வரி உறுத்துகிறது.

எடையைப் பற்றி அவர் எழுதியது அத்தனையும் சரி. என் ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. மழைக்காலத்தில் வடிகாலில் இறங்கிவிட்டால், கைகொடுக்க இன்னொரு ஆள் வரும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தங்கை மகன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்த மின்சார பைக் அதில் பாதிதான் இருக்கும். அதே வடிகாலிலிருந்து அதை நான் ஒருவனே தூக்கிக் கரையேற்றினேன். கிளட்ச், கியர் தொல்லை கிடையாது. திருகியவுடன் மோட்டார் முழு இழுவையையும் கொடுத்துவிடுவதால் சேற்று ஏற்றத்திலும் திணறுவதில்லை. (250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரம்பைத் தாண்டும் வண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டும் என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எங்களுடையது எஸ்டேட் பாதையோடு சரி.)

போன மாதம் அந்தி நேரத்தில் ஒரு வளைவில் திரும்பினேன். இருபதடி தள்ளிக் காட்டுமாடு. பெட்ரோல் வண்டியாக இருந்தால் தூரத்திலேயே கேட்டு விலகியிருக்கும். இதில் எனக்கே டயருக்கடியில் சரளைக்கல் நெரிவதுதான் கேட்டது. அது ஒருமுறை சீறிவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்தது. யானையாக இல்லாமல் போனது மாரியம்மன் புண்ணியம்.

ஸ்வீடனில் மின்சார பைக் தயாரித்த கேக் (CAKE) நிறுவனம் தென்னாப்பிரிக்க வனக்காவலர்களுக்காகவே தன் கால்க் பைக்கை மாற்றி அமைத்தது. கள்ளவேட்டைக்காரர்கள் காதில் விழாமல் நெருங்குவதற்காக. காவலருக்குச் சரி. கொழுந்துக் கணக்கு எழுதப் போகும் நான் யாரைப் பதுங்கிப் பிடிக்கப் போகிறேன்?

மணிக்கு 20 கி.மீ. வரை மெதுவாகப் போகும்போது மின்சாரக் கார்கள் ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி இருக்கிறது. 2021 முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இருசக்கர வாகனங்களை அது தொடவில்லை. யானை நடமாட்டத்தை எங்களுக்குச் சொல்ல வால்பாறையில் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் உண்டு. எங்கள் நடமாட்டத்தை யானைக்குச் சொல்ல இந்த வண்டியில் ஒன்றுமில்லை. மலைக்கும் காட்டுக்கும் என்று விற்பவர்கள், வேண்டும்போது ஒலிக்கவிட ஒரு சுவிட்சாவது வைக்கட்டும்.

இப்போதைக்கு மாட்டுக்குக் கட்டும் வெண்கல மணி ஒன்றை ஹாண்டில்பாரில் கட்டியிருக்கிறேன். லைன் வீட்டுப் பிள்ளைகள் ஐஸ்காரர் வருகிறார் என்று ஓடிவருகிறார்கள்.

- ஒரு வாசகர், வால்பாறை