சிப்காட் ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் சிப்காட் ஆலைகளை நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம்.

வாசலில் ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று பலகை வைத்திருக்கிறீர்கள். எண் ஏற ஏறப் பரிசு, பிரியாணி, போட்டோ. ஒரு கான்ட்ராக்ட் பையனின் விரல் நசுங்கினால் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் மேஸ்திரி அவனை பைக்கில் ஏற்றி முதுநகர் பக்கம் ஏதாவது கிளினிக்கில் தையல் போட்டுக் கூட்டி வருகிறார். “வீட்ல அரிவாள்மனை கிழிச்சிடுச்சுன்னு சொல்லுடா.” ரிஜிஸ்டரில் ஒன்றும் ஏறாது, இ.எஸ்.ஐ.க்கும் தகவல் போகாது. பரிசு மட்டும் தவறாமல் கிடைக்கும். மறைக்கச் சொல்லி நீங்கள் உத்தரவு போடவில்லைதான். பலகையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வருஷா வருஷம் நெறிமுறை வகுப்பு எடுத்துக் கையெழுத்தும் வாங்குகிறீர்கள், எங்களுக்கு நேர்மை போதாது என்பதுபோல. எந்த வால்வு கசிகிறது, எந்த ராத்திரி பெர்மிட் இல்லாமல் வெல்டிங் நடந்தது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. சொன்னால் மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். இந்த மடலில் பெயர் போடாததும் அதனால்தான். புகார் பெட்டியோ ஹெச்.ஆர். அறைக்கு எதிரே, கேமராவுக்கு நேர் கீழே தொங்குகிறது. (கேன்டீன் சாம்பாரைத் தவிர வேறு புகார் அதில் விழுந்திருந்தால் ஆச்சரியம்.)

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987 இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்து நெருங்கினால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். 2020 ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழுவும் அந்த 1987 திருத்தத்தில் வந்ததுதான். 2021 மே மாதம் இதே சிப்காட்டில் ஓர் ஆலை விபத்தில் நாலு பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறமும் நான் பார்த்தவரை குழுவில் உட்காருவது நிரந்தரத் தொழிலாளிகள்தான். டேங்குக்குள் இறங்குகிற கான்ட்ராக்ட் ஆளுக்கு அங்கே நாற்காலி இல்லை. 2014 இல் வந்த தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டமும் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. தனியார் ஆலையில் இருக்கும் எங்களுக்கு அது உதவாது.

ஆகவே பரிசை மாற்றுங்கள். கோளாறைச் சொன்ன ஷிப்டுக்குக் கொடுங்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ரெண்டு பேரைக் குழுவில் சேருங்கள். புகார் சொன்னவரை ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டு நிறுத்தினால், கான்ட்ராக்டர் அந்தக் குழுவுக்குக் காரணத்தை எழுதித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன்பே இதைச் செய்யலாம். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

இப்படிக்கு,
ஈச்சங்காட்டிலிருந்து ஒரு மெயின்டனன்ஸ் தொழிலாளி