மட்டக்களப்பு, அம்பாறைப் பழைய கொம்பியூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று வரை பழைய கொம்பியூட்டர் சாமான் விற்கும் அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும்,

கேட்பது ஒன்றுதான். பென்டியம் 4 காலத்துப் பெட்டிகளைக் கிலோக் கணக்கில் இரும்புக்காரருக்குப் போடுமுன் சோதித்துப் பாருங்கள். சோதித்ததை ஒரு துண்டில் எழுதி ஒட்டி விற்றுப் பாருங்கள். 1998 முதல் 2005 வரை வந்த விளையாட்டுகளை அந்தக் கால மெஷினிலேயே விளையாட விரும்பும் பொடியன்மார் இங்கேயும் இருக்கிறார்கள். ‘வேர்க் பண்ணும்’ என்ற வாய்ச்சொல் மட்டும் போதாது. எது, எவ்வளவு நேரம், எப்படி ஓடியது என்று தெரிய வேண்டும்.

கரண்ட் கொடுக்குமுன் பவர் சப்ளையின் பின்னால் உள்ள சிவப்புச் சுவிட்சைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வரும் பெட்டி 115இல் நிற்கலாம். அதை நம்முடைய 230 வோல்ட்டில் செருகினால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடிந்தது. பழைய அத்லன் எக்ஸ்பி (ஏ.எம்.டி புரொசஸர்) மதர்போர்ட் என்றால் இன்னொரு சிக்கல்: 4 பின் 12 வோல்ட் வயர் செருகும் இடம் இல்லாத போர்டுகள் புரொசஸருக்கான கரண்டையும் 5 வோல்ட் பக்கமே இழுக்கும். புது 500 வாட் சப்ளைகளில் பல 12 வோல்ட்டில்தான் பலம். லேபிளில் 5 வோல்ட்டுக்கு நேரே 25 அம்பியராவது இல்லாவிட்டால் விளையாட்டு நடுவில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகலாம். பழி ராமுக்கு (மெமரிக்கு) போகும்.

போர்டில் சின்ன உருளையாக நிற்கும் கொண்டென்சர் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 2000ஐ ஒட்டிய சில வருடங்களில் வந்த ஏராளமான போர்டுகளில் மோசமான கொண்டென்சர்கள் இருந்தன. புரொசஸரைச் சுற்றி நிற்பவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தால், தலையிலுள்ள வெட்டுக்கோட்டில் பழுப்புப் பொருக்கு இருந்தால், அந்த போர்ட் பவர் பட்டனை இரண்டு மூன்று தரம் அமத்தினால்தான் எழும்பும் நிலைக்கு வரலாம். மாற்றலாம், ஆனால் ரேடியோ திருத்தும் கடையில் கிடைக்கும் சாதாரணக் கொண்டென்சர் இதற்குச் சரிவராது. அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை வெப்பம் தாங்கும், ‘லோ ஈ.எஸ்.ஆர்’ (உள்தடை குறைந்த) வகை வேண்டும். மாற்றியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். எங்களுக்கு அது குறையல்ல, தகுதி.

ஏ.ஜி.பி கார்டில் (அந்தக் காலத்துக் கிராஃபிக்ஸ் கார்ட்) ஏமாற இடமுண்டு. கார்டின் பல்லில் இரும்புப் பட்டிப் பக்கமாக வெட்டு இருந்தால் 3.3 வோல்ட், தள்ளி இருந்தால் 1.5 வோல்ட். இரண்டு வெட்டும் இருந்தால் எதிலும் போடலாம் என்பார்கள். ஆனால் ரிவா டி.என்.டி2 எம்64 கார்டுகள் சில, இரண்டு வெட்டோடு வந்தும் 3.3 வோல்ட்டில்தான் ஓடும். அதை 1.5 வோல்ட் மட்டும் தரும் இன்டெல் 845 போர்டில் செருகினால் போர்டே போய்விடலாம். எஃப்எக்ஸ் 5200 கார்ட் விற்றால் அதன் மெமரிப் பாதை 64 பிட்டா 128 பிட்டா என்று சொல்லுங்கள்; இரண்டுக்கும் ஒரே விலை நியாயமில்லை.

விண்டோஸ் 98 போடப் போகிறவருக்கு 1 ஜி.பி ராம் விற்காதீர்கள். 512 எம்.பி.க்கு மேல் போனால் அது ‘மெமரி போதாது’ என்றே தடுமாறும். ஹார்ட் டிஸ்க்கும் 137 ஜி.பி.க்குள் இருக்கட்டும். டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 05, சி5 (பழுதான இடங்களின் கணக்கு) இரண்டும் பூச்சியமா என்று பாருங்கள். சி7 (டேட்டா போய்வரும்போது வந்த பிழை) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் பிழை. 80 கம்பி ஐ.டி.ஈ கேபிள் போட்டுப் பாருங்கள்.

கழற்றும்போது 478 சொக்கெட் (பென்டியம் 4 அமரும் இடம்) ஹீட்சிங்கை நேராக இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் புரொசஸரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும், அதன் ஊசிகள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சூட்டோடு இலேசாகத் திருகினால் விடும். சேர்ந்து ஓடிய போர்ட், புரொசஸர், ராம் மூன்றையும் பிரிக்காமல் ஒரு செட்டாகவே கொடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த பெட்டியென்றால் சொல்லி விலை குறையுங்கள். காய்ந்தபின் ஓடும், சில மாதத்தில் கார்ட் செருகும் சிலொட் அடியில் பச்சை பிடிக்கலாம். கடற்கரை ஊர்களில் நனையாத கார்டின் பல்லும் கறுக்கும். அதற்குப் பென்சில் அழிறப்பரும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் போதும்.

துண்டில் இப்படி எழுதினால் சரி: ‘845 போர்ட், 2.4 பென்டியம் 4, 512 ராம். மெம்டெஸ்ட் (ராம் சோதனை) ஒரு சுற்று, பிழையில்லை. 3டி ஒரு மணி நேரம் ஓடியது. பேட்டரி புதிது. வெள்ளம் படவில்லை. 7 நாளுக்குள் மாற்றித் தரப்படும்.’ இதற்கு இரும்பு விலையை விடக் கூடத் தர நாங்கள் ஆயத்தம். கார்டுகளை உரப்பையில் கொட்டி வைக்காமல் தனித்தனியாகக் கடதாசியில் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பழைய மெஷின் பூட்டும் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து ஆட்கள்