சிட்டுவுக்கு வாங்கிய பட்டை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி முடித்தாயிற்று.

போன ஞாயிறு நீ கோபமாகப் போனை வைத்தாய். "ஷாக் அடிக்கும் பட்டையையா நாய் கழுத்தில் கட்டினீர்கள்? நான் இருக்கிற வேல்ஸில் 2010இலேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள்" என்றாய். நீ சொன்னது சரிதான். ஆனால் நான் உன்னிடம் பாதிக் கதையைத்தான் சொன்னேன். "சரியில்லை, கழற்றிவிட்டேன்" என்று முடித்துக்கொண்டேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

சிட்டுவை நீ பார்த்தபோது அது உள்ளங்கை அகலக் குட்டி. இப்போது அது முழு சிப்பிப்பாறை. மோப்பம் பிடித்து அலையும் நாய் இல்லை அது. கண்ணில் பட்டதைத் துரத்தும் இனம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலே அரை நிமிடத்தில் 400 மீட்டர் போய்விடும். நம் கொல்லை வரப்பிலிருந்து காட்டு எல்லைக் கல் வரைக்கும் அவ்வளவு தூரம்கூட இல்லை. கல்லைத் தாண்டினால் வனத்துறை இடம். உன் தாத்தா பொங்கல் முடிந்ததும் நாய்களைக் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலையடிவாரத்துக்குப் போன காலம் வேறு. 1972ஆம் வருடச் சட்டத்தில் சுடுவது மட்டும் வேட்டை இல்லை. நாயை விட்டுத் துரத்துவதும் வேட்டைதான். சிட்டு ஒரு முயலை வாயில் கவ்விக்கொண்டு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியவன் நான்.

முன்பெல்லாம் இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தால் போதும். தை மாதம் மேல் பல் நான்கையும் எடுத்த பிறகு காற்றுதான் வருகிறது, சத்தம் வருவதில்லை. பொய்ப்பல்லை வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன். பல் கழன்று வரப்பில் விழுந்தது. சிரிக்காதே. கடையில் பிளாஸ்டிக் விசில் ஒன்று வாங்கி ஊதினேன். பதினைந்தே நாளில் சிட்டு அதை நன்றாகக் கற்றுக்கொண்டது. அப்புறம் ஒடுகத்தூர் டவுன் பஸ் கண்டக்டர் நிறுத்தத்தில் விசில் ஊதும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓட ஆரம்பித்தது. அந்த விசிலை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வேலூரில் ஒரு கடையில் அந்தப் பட்டையை வாங்கினேன். விலை 1,800 ரூபாய். ரிமோட்டில் மூன்று பொத்தான்கள்: ஒன்று பீப், ஒன்று அதிர்வு, ஒன்று ஷாக். மூன்றும் ஒரே அளவு, ஒரே வரிசை. பக்கவாட்டில் ஒரு சக்கரம். அதைத் திருகினால் ஷாக்கின் அளவு 1 முதல் 100 வரை ஏறும். கண்புரைக்காரன் கையில் கொடுக்கிற சாமானா அது? நான் 5க்கு மேல் வைப்பதில்லை என்றும், ஷாக் பொத்தானைத் தொடுவதே இல்லை என்றும் முடிவு செய்திருந்தேன்.

அன்று காலை மேகமூட்டம். சிட்டு கானாற்றுப் பக்கமிருந்து தானாகவே திரும்பி, என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. பத்தடி தூரம் இருக்கும். சபாஷ் சொல்கிற மாதிரி ஒரு பீப் கொடுக்கலாமென்று அழுத்தினேன். விரல் பட்டது வேறு பொத்தானில். வேட்டி மடிப்பில் செருகி வைத்ததில் சக்கரம் தானாக உருண்டு 60இல் நின்றிருந்தது. சிட்டு பக்கவாட்டில் துள்ளி விழுந்தது. அது போட்ட சத்தத்தைக் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நாய் மாட்டுவண்டிக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

இரண்டு நாள் என் கையால் ஒன்றும் தின்னவில்லை. உப்புப் போகக் கழுவிய நெத்திலிக் கருவாட்டை நீட்டினேன். மூக்கு மட்டும் முன்னால் வந்தது, உடம்பு வரவில்லை. வலி வந்தபோது அது பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான். அதன் கணக்கில் கடித்தது நான். ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஷாக் விழுந்திருந்தால், ஆட்டுக்குட்டியைக் கண்டாலே பயந்திருக்கும். இல்லையென்றால் பாய்ந்து குதறியிருக்கும்.

அன்று ராத்திரி அதே 60ஐ என் முன்கையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. ரிமோட் கீழே விழுந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

ஷாக் பட்டை போடுகிறவர்கள் எல்லோரும் பாவிகள் என்று நான் சொல்ல மாட்டேன். முறையாகப் பழக்குகிறவர்கள், நாய் காதை லேசாக அசைக்கிற அளவில்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் நீளக் கயிற்றில் கட்டிப் பழக்குவார்கள். ஆனால் முயல் பின்னால் பறக்கும் சிப்பிப்பாறைக்கு அந்தச் சின்னக் குத்து உறைக்காது. உறைக்கிற அளவுக்கு ஏற்றினால் அது வேறு விஷயமாகிவிடும். எனக்கு அந்தப் பொத்தானே வேண்டாம்.

இப்போது வாங்கியிருப்பதில் அதிர்வும் பீப்பும் மட்டும்தான். உங்கள் ஊர்த் தடைகூட ஷாக் கொடுக்கிற பட்டைக்குத்தானே, இதற்கில்லையே. இந்தத் தடவை நிதானமாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு பொத்தானும் வேறு வேறு வடிவம், தடவினாலே தெரிகிறது. பெட்டியில் 800 மீட்டர் என்று போட்டிருக்கிறான். அது வெட்டவெளிக் கணக்கு. பக்கத்துக் கொல்லைப் பையனிடம் பட்டையைக் கொடுத்து நடக்கச் சொன்னேன். வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் போனதும் பாதித் தூரத்திலேயே சிக்னல் செத்துவிட்டது. ஆனாலும் எல்லைக் கல் வரை எட்டுகிறது, அது போதும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் ரகம். பம்பு செட் தொட்டியில் படுத்துக் கிடக்கிற நாய்க்கு அது இல்லாமல் முடியாது. நாய் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் பட்டையும் இருக்கிறதென்று மாப்பிள்ளை சொன்னார். சிம் போட்டால்தான் அது வேலை செய்யும். மலையடிவாரத்தில் எனக்கே டவர் கிடைப்பதில்லை.

கட்டுவதில்தான் சூட்சுமம். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், கழுத்து அகலம். கொஞ்சம் தளர்ந்தால் பட்டை தலை வழியாகக் கழன்று விடும். இறுக்கினால் தோல் புண்ணாகும். பழைய பட்டையின் உலோக முனைகள் அழுத்தி இரண்டு இடத்தில் சிவந்து போயிருந்தது. முடி அடர்ந்த நாய்க்கு வைக்கிற நீள முனையை இந்த மெல்லிய தோலில் அழுத்தினால் வேறென்ன ஆகும்? இப்போது ஒரு விரல் நுழைகிற அளவில் கட்டுகிறேன், ஓட விடும் நேரத்துக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறேன்.

மூன்று வாரம் பத்து மீட்டர் கயிற்றிலேயே பழக்கினேன். அதிர்ந்ததும் கருவாடு, அதிர்ந்ததும் கருவாடு. தெருப் பூனையெல்லாம் என் பின்னால்தான் வருகிறது. போன வாரம் கயிற்றை அவிழ்த்தேன். நேற்று கௌதாரி ஒன்று படபடவென்று எழுந்து பறந்தது. சிட்டு நாலு பாய்ச்சல் பாய்ந்தது, அழுத்தினேன், அரைவட்டம் அடித்துத் திரும்பி வந்து என் கையை முகர்ந்தது. முந்தாநாள் முயல் எழுந்தபோது திரும்பவில்லை. நல்ல காலம், முயல் எல்லைக்கு இந்தப் பக்கமே வேலிக்குள் நுழைந்து தப்பித்துவிட்டது. அதனால் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கயிறு இல்லாமல் விடுவதில்லை. முயல் மேய வருகிற நேரம் அதுதான்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் நாய்களுக்கு ஊதுவதற்கு, வாய்க்குள் வைக்கிற மாதிரி மடித்த தகர விசில் ஒன்று உண்டாமே. நாக்கை அசைத்துத்தான் அதில் சத்தம் எழுப்புவார்களாம். நம் கண்டக்டர் விசில் மாதிரி இருக்காது என்று நினைக்கிறேன். மார்கழியில் வரும்போது ஒன்று வாங்கி வா. மேல் பல் இல்லாதவனுக்கும் ஊத வருமா என்று கடைக்காரரிடம் மறக்காமல் கேள்.

இப்படிக்கு,
உன் நைனா