ஒரே கதையோடு தங்கிவிட்டவர்கள்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று பிடித்துவிட்டது. மத்தியானத்தில் ஸ்டூடியோ வாசலில் நிற்க முடியவில்லை, கண்ணெல்லாம் மணல். கோட்டை மான்கள் நிழல் தேடி மதிலோரம் படுத்துக் கிடக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. சின்னவள் வேலை கிடைத்து வவுனியா போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, நீ எழுதிய விசயத்துக்கு வருகிறேன். ஒரே படத்துக்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று எடுத்துக்கொண்டே போகிற இயக்குநருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்கிறாய். இரண்டு நாள் அதையே யோசித்தேன். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நீ சொல்வது பொருந்துகிற படங்கள் உண்டுதான். ஹரியின் 'சிங்கம்' 2010இல் வந்தபோது நல்லூர் என்ற சின்ன ஊரும் அந்த ஊர்ச் சனமும் அதற்குள் இருந்தார்கள். 2017இல் மூன்றாவது வந்தபோது கதை ஆஸ்திரேலியா வரை போயிருந்தது, ஊரின் வாசம் போய்விட்டது. சுந்தர் சி 2014 தொடங்கி 2024 வரை நான்கு 'அரண்மனை' எடுத்தார். எனக்கு முதலாவது போதும்.

ஆனால் ஜப்பானில் யோஜி யமடா என்றொருவர் இருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சாமான் விற்றுத் திரியும் தோரா என்ற மனிதனின் கதையை அவர் 1969இல் படமாக எடுத்தார். 1995 வரை 48 படங்கள் வந்தன. இரண்டைத் தவிர மற்றதெல்லாம் அவர் இயக்கியவை. கதை எப்போதும் ஒன்றுதான். தோக்கியோவில் சித்தப்பா நடத்தும் பலகாரக் கடைக்கு தோரா திரும்பி வருவான், யாராவது ஒரு பெண்ணில் மனம் போகும், கைகூடாது, மறுபடி பெட்டியோடு கிளம்பிவிடுவான். இதற்கு முன் இது தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதன் முடிவில் தோராவைப் பாம்பு கடித்துச் சாகவைத்தார்கள். பார்த்த சனம் கொதித்துப் போனது. அந்தக் கோபத்துக்குப் பிறகுதான் அவன் திரையில் உயிரோடு வந்தான்.

தோராவாக நடித்த கியோஷி அட்சுமிக்கு உடம்பு முடியாமல் போனபோது யமடா இன்னொரு நடிகரைத் தேடவில்லை. தோராவைக் கொஞ்சம் ஓய்வாக இருத்திவிட்டு, படத்துக்குப் படம் நம் கண்முன்னே வளர்ந்து வந்த அவனுடைய தங்கை மகன் மிட்சுவோவிடம் காதல் கதையைக் கொடுத்தார். அட்சுமி 1996இல் காலமானார். 2019இல், தன் 88 வயதில், யமடா இன்னொரு படம் எடுத்தார். அதில் மிட்சுவோ நடுவயது மனிதன். மாமன் பழைய படங்களின் துண்டுகளில் வந்து போகிறான். எத்தனையோ வருசம் அந்தக் குடும்பத்தோடு இருந்த ஒருவரால்தான் அப்படி ஒரு படம் எடுக்க முடியும், மச்சான்.

இதைவிட என்னை உலுக்கியவர் மைக்கேல் ஆப்டெட். 1964இல் பிரித்தானியத் தொலைக்காட்சிக்காக ஏழு வயதுப் பிள்ளைகள் 14 பேரைப் படம் பிடித்தார்கள். அப்போது அவர் இயக்குநர் இல்லை, பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர். 1970இலிருந்து ஏழு வருசத்துக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் அவரே போனார். கடைசியாக 2019இல் போனபோது அவர்களுக்கு 63 வயது. 2021 தொடக்கத்தில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதில் டோனி என்ற கிழக்கு லண்டன் பையன். குதிரைப் பந்தய வீரனாக ஆசைப்பட்டு, பிறகு டாக்ஸி ஓட்டியவன். இவன் எப்படியும் சிறைக்குத்தான் போவான் என்று ஆப்டெட் முடிவுகட்டி, டோனிக்கு 21 வயதானபோது, குற்றங்களுக்குப் பேர்போன இடங்களில் அவனைச் சுற்ற வைத்துப் படம் பிடித்தார். டோனி சிறைக்குப் போகவில்லை. குடும்பம், பிள்ளைகள் என்று வாழ்ந்தான். தான் நினைத்தது பிழை என்று ஆப்டெட் பின்னால் ஒத்துக்கொண்டார். 14 பேரில் பெண் பிள்ளைகள் நான்கு பேர்தான் என்பதும் அவருக்குக் கடைசிவரை மனக்குறை. ஒரு படத்தோடு விட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தப் பிழை அவருக்குத் தெரிந்தே இருக்காது. திரும்பப் போனவனுக்குத்தான் அது தெரியவரும். நான் சொல்ல வருவது இதைத்தான்.

எனக்கும் இது நடந்தது. அடையாள அட்டைப் படத்துக்கு வந்த ஒரு பெடியன் முகத்தை நிமிர்த்தவே மாட்டேன் என்றான். நான்கு தரம் சொல்லியும் கேட்கவில்லை. உருப்படமாட்டான் என்று மனதுக்குள் திட்டினேன். போன மாதம் அவன் தன் மகளைக் காதுகுத்துப் படத்துக்குக் கூட்டி வந்தான். பிள்ளை அழுதபோது முழங்காலில் இருந்து, அவள் கண்மையை விரலால் துடைத்துச் சிரிக்கவைத்த விதத்தைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 31 வருசமாக ஒரே கடையில் இருப்பதால்தான் எனக்கு அது காணக் கிடைத்தது.

அப்புறம், நீ ஓகஸ்டில் வருவது நிச்சயம்தானே? டச்பே கடற்கரையில் உன்னை எடுத்த மூன்று படங்களும் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கின்றன. கனடா போவதற்கு முதல்நாள் எடுத்தது, அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தபோது எடுத்தது, மகளோடு வந்தபோது எடுத்தது. இரண்டாவதில் நீ கமராவைப் பார்க்கவே இல்லை. என்னில் ஏதோ கோபம் என்று அப்போது நினைத்திருந்தேன். இந்த முறை விடியற்காலையிலேயே போவோம். வெயில் ஏறும் முன் கடல் பக்கமிருந்து நல்ல வெளிச்சம் வரும்.

உன் அன்பு மச்சான்