கடல் வலப்பக்கம் இருக்க வேண்டும்

ராயபுரம்

அன்புள்ள கயலுக்கு,

நம் கரையில் எடுத்த பழைய 8 மில்லிமீட்டர் ஃபிலிம் ரீல்களை டொரொண்டோவிலிருந்து நீ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அந்த நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு டப்பாவில் இரண்டு துருப்பிடித்திருக்கின்றன. ஒரு ரீலின் ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரிடமோ புரொஜெக்டர் இரவல் வாங்கிச் சுவரில் ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. இத்தனை வருஷம் உப்புக்காற்றில் கிடந்த ஃபிலிம் அது. சுருங்கிப்போன ஃபிலிமில் புரொஜெக்டரின் நகம் துளைக்குள் சரியாக விழாது; ஒரு துளையைக் கிழித்தால் அடுத்ததையும் கிழித்துக்கொண்டே போகும். நடுவில் சிக்கி நின்றால் பல்பு சூட்டில் அந்த ஃபிரேம் பழுப்பாகக் குமிழ் விட்டுப் போய்விடும். இதற்கு இன்னொரு காப்பி கிடையாது; எந்த வருஷம் எடுத்தது என்று நாம் கணிக்க வேண்டியதும் இதை வைத்துத்தான்.

முதலில் மூக்கை வைத்துப் பார். டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடி மாதிரி புளித்த வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிச் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும். அதனால் அந்த ரீலை மற்ற ரீல்களோடு வைக்காதே. டப்பாவை இறுக்கி மூடவும் கூடாது, வாடை வெளியேற வழி வேண்டும். வாடை லேசாக இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், ஃபிலிம் காப்பகங்களில் பயன்படுத்தும் ஏ-டி ஸ்ட்ரிப் வாங்கு. நீலக் காகிதத் துண்டு அது. டப்பாவுக்குள் போட்டு அந்த ஒரு நாள் மட்டும் மூடி வைத்து எடு. நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் அந்த ரீலைத்தான் முதலில் ஸ்கேனுக்குக் கொடுக்க வேண்டும். தீப்பிடிக்குமோ என்று அம்மா கேட்கிறாள். பழைய சினிமா நைட்ரேட் ஃபிலிம் வேறு. வீட்டில் எடுக்கும் 8 மில்லிமீட்டர் ஃபிலிமை நைட்ரேட்டில் செய்ததே இல்லை, பயம் வேண்டாம்.

அடுத்து, எது எந்த வகை என்று பிரித்து வை; 8 மில்லிமீட்டரில் ரெகுலர், சூப்பர் என்று இரண்டு வகை உண்டு. ரீலின் நடு ஓட்டை பென்சில் நுழையும் அளவுதான் என்றால் ரெகுலர் எட்டு. சுண்டுவிரலே நுழைந்தால் சூப்பர் எட்டு. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியும்: ரெகுலரில் துளை பெரியது, இரண்டு ஃபிரேம் சேரும் இடத்தில் இருக்கும், சூப்பரில் சின்னது, ஃபிரேமின் நடு உயரத்தில் இருக்கும். சூப்பர் எட்டு 1965-இல்தான் வந்தது. அதனால் அந்த ரீல் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

சுருக்கத்தை அளக்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். ரெகுலரில் நூறு ஃபிரேமின் நீளம் 381 மில்லிமீட்டர், சூப்பரில் 423. ஒரு துளையின் மேல் விளிம்பில் தொடங்கி, அந்தத் துளையை விட்டுவிட்டு நூறு துளை எண்ணி, நூறாவதன் மேல் விளிம்பில் நிறுத்து. ஃபிலிமை இழுக்காமல் மேஜையில் படுக்கவைத்து அள. ரெகுலரில் 377-க்குக் கீழே வந்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருக்கிறது. அதைப் பல்சக்கரம் உள்ள எந்த மெஷினிலும் மாட்டக் கூடாது. ஆரம்பத்தில் மட்டும் அளந்துவிட்டு விடாதே. ரீலின் வெளிச்சுற்று ஒரு மாதிரியும் உள்சுற்று வேறு மாதிரியும் சுருங்கியிருக்கும்.

இனி அந்த வெள்ளைப் படிவு. லென்ஸ் வைத்துப் பார். வேர் மாதிரிக் கிளை விட்டிருந்தால் பூசணம். வாடையோடு சேர்ந்து மாவு மாதிரி, படிகம் மாதிரி இருந்தால் அது ஃபிலிமுக்குள்ளிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர், ஃபிலிம் வளைந்து கொடுக்கச் சேர்க்கும் பொருள். பூசணம் என்றால் என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு பால்கனியில் வைத்து உலர்ந்த துணியால் மேலாகத் துடை. தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. படம் நிற்பது ஜெலட்டின் என்ற பசைப் படலத்தில். பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், துடைத்த துணியோடு படமும் வந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் அதனால்தான் தொடாதே; மீதி முப்பது பங்கு தண்ணீர். 99 சதவீதம் உள்ளதை வாங்கு. இழை உதிராத துணியை நாலாக மடித்து நாலைந்து சொட்டு விடு, சொட்டச் சொட்ட நனைக்காதே. ஃபிலிமைத் துணிக்குள் லேசாகப் பிடித்து, மறுபக்க ரீலில் மெதுவாகச் சுற்று. துணிக்கும் சுற்றும் ரீலுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வை. ஈரம் காயாமல் சுற்றினால் அடுக்கு அடுக்காக ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு அடிக்கு ஒரு முறை மடிப்பை மாற்று. ஓரத்தில் பழுப்பு நிறக் கோடு ஓடினால் அது ஒலிக்கான காந்தப் பட்டை, அந்த ரீலை ஈரத்துணியால் தொடவே வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ மெழுகுவத்தியோ கூடாது.

ரெகுலர் எட்டு ரீலில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் படம் வெளுத்து ஆரஞ்சாகப் பளிச்சிடும், அங்கே ஓர் ஒட்டும் இருக்கும். கெட்டுப்போன பகுதி என்று வெட்டிவிடாதே. அது உண்மையில் 16 மில்லிமீட்டர் அகல ஃபிலிம். 25 அடி ஓடியதும் கேமராவைத் திறந்து ரீலைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுப்பார்கள். லேப்பில் கழுவிய பிறகு நீளவாக்கில் கிழித்து 50 அடியாக ஒட்டித் தருவார்கள். திறந்தபோது பட்ட வெளிச்சம்தான் அந்த ஆரஞ்சு. முன்பாதி பொங்கலும் பின்பாதி ஆடியுமாகக்கூட இருக்கலாம். தேதி கணிக்கும்போது இரண்டையும் தனித்தனியாகப் பார்.

ஸ்கேன் செய்யும் கடையில் நாலு கேள்வி கேள். பல்சக்கரம் இல்லாத மெஷினா? ஒவ்வொரு ஃபிரேமாக எடுப்பார்களா, சுவரில் ஓட்டிக் கேமராவில் பிடிப்பார்களா? பின்னதென்றால் எழுந்து வந்துவிடு. நடுவில் வெளிச்சத் திட்டும் ஓயாத மினுக்கலும்தான் மிஞ்சும். ஃபிரேமைத் தாண்டித் துளையும் ஓரமும் தெரிகிற மாதிரி எடுப்பார்களா? கூர்மையாக்குவது, புள்ளி நீக்குவது எதுவும் செய்யாத கோப்பு கிடைக்குமா? 2கே போதும், 8 மில்லிமீட்டரில் அதற்கு மேல் பெரிதாக விவரம் இல்லை. அதையே ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படக் கோப்பாக வரும் டிபிஎக்ஸ் வடிவில் கேட்டால் ரெகுலரில் 50 அடிக்கு 4,000 படம், சுமார் 50 ஜிபி. வேகம் ரெகுலருக்கு நொடிக்கு 16, சூப்பருக்கு 18. அதை 25-இல் ஓட்டினால் எல்லாரும் ரயிலுக்கு ஓடுகிற மாதிரி நடப்பார்கள்.

கலர் போடுகிறேன், நொடிக்கு 60 ஃபிரேம் ஆக்குகிறேன் என்று கிளம்பும் செயலிகளைக் கிட்டே சேர்க்காதே. இல்லாத விவரத்தை அவை இட்டுக்கட்டும். கடைப் பலகையில் மங்கலாக இருக்கும் எழுத்தை அவை எழுத்து மாதிரி இருக்கும் வேறு ஏதோவாக்கிவிடும். நமக்கு வேண்டியதே அந்தப் பலகைதான்.

கோப்பு வந்ததும் முதலில் இடம் வலம் பார். ஃபிலிமைப் பக்கம் மாற்றி மாட்டுவது கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. தமிழ்ப் பலகை இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டால் கடலைப் பார். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போகும் வண்டியிலிருந்து முன்னோக்கி எடுத்திருந்தால் கடல் வலப்பக்கம் இருக்க வேண்டும். எந்த மாதம் என்று கணிக்க நிழலைப் பார். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. டிசம்பர் கடைசியில் ஆறடிக் கம்பத்துக்கு நண்பகலில் நாலரை அடி நிழல்.

வருஷத்துக்குப் பலகை எழுத்து. 'லை', 'னை', 'ணை' எல்லாம் கொம்பு சுருண்டு யானைத் துதிக்கையாக இருக்கிறதா, இல்லை இப்போது நாம் எழுதுவது போலவா? இப்போதைய வடிவத்துக்கு அரசாணை வந்தது 1978-இல். ஆனால் ஒரு பக்கமாகத்தான் இந்தச் சாட்சி செல்லும்: புது வடிவம் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது, பழைய வடிவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெயின்டர்கள் பழைய கை பழக்கத்தில் பிறகும் துதிக்கை போட்டார்கள். பெரியார் 1930-களிலேயே சீர்திருத்த எழுத்தில் அச்சடித்தார், கழகத்துச் சுவரெழுத்து என்றால் புது வடிவம் முன்பே வந்திருக்கும். விலைப் பலகையில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்போ அதை ஒட்டியோ, 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. மனிதர் இழுக்கும் ரிக்‌ஷா 1973-க்கு அப்புறம் இல்லை. டிராம் ஓடினால் 1953-க்குள். டிராமே ஓட வேண்டும், வெறும் தண்டவாளத்தை நம்பாதே. ஃபிலிம் ஓரத்தில் கோடாக் போடும் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் தயாரித்த வருஷத்தைச் சொல்லும். ஆனால் அதே குறி இருபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப வரும், 1942 என்று படித்தால் அது 1962 ஆகவும் இருக்கலாம். வாங்கிய ஃபிலிமைச் சிக்கனமாக இரண்டு மூன்று வருஷம் வைத்து எடுத்தவர்களும் உண்டு.

கரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார். உன் மூன்றாவது படத்தில், வெளிச்சத்தில் பிடித்த ஃபிரேமில், கட்டுமரங்கள் மணலில் வரிசையாகக் கிடக்கின்றன, பின்னால் ஒரு கல்கூட இல்லை. இன்று அந்தக் கரை நெடுகக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி நம் கடலில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திருப்பித் தள்ளும். 1870-களில் துறைமுகச் சுவரைக் கட்டத் தொடங்கியபோது அந்த ஓட்டம் நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரமும் காசிமேடும் கரைந்தன. அதற்காகக் கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவும், அதாவது கடலுக்குள் நீளும் கல் சுவரும், போட்டார்கள். தூண்டில் வளைவுக்கு நடுவே திரும்பவும் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. அதனால் மணல் தெரிந்தாலே பழைய படம் என்று எழுதிவிடாதே, கல் நீட்டம் கடலுக்குள் போகிறதா என்று பார். கயிற்றால் கட்டிய மரத்துண்டுகளாக இருந்தால் கட்டுமரம். பின்புறம் மோட்டார் தொங்கினால் ஃபைபர் படகு, அது பிந்தையது. தூரத்தில் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகக் கன்டெய்னரும் அதைத் தூக்கும் பெரிய கிரேனும் தெரிந்தால் 1983-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தால் ஏறக்குறைய 1970-க்கு இந்தப் பக்கம்.

ரீல்களைப் பேஸ்மென்டில் வைக்காதே, டொரொண்டோவானாலும் அங்கே ஈரம் நிற்கும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் வாடை இல்லாத ரீல்களை மட்டும் இரட்டை ஜிப் பையில் போட்டு வை. எடுத்தவுடன் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விடு, இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். கழுவிய ஃபிலிமை ஏர்போர்ட் எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது, அடுத்த முறை வரும்போது கைப்பையிலேயே கொண்டுவரலாம். ஸ்கேன் கோப்பை மூன்று இடத்தில் வை, ஒன்று இங்கே எனக்கு.

பாட்டு எதையும் பின்னணியில் சேர்க்காதே. மூன்றாவது படத்தில் கட்டுமரத்துக்கு இடது பக்கம் ஒரு ஓலைக் கடை, அதன் மேல் ஒரு பலகை தெரிகிறது. முதல் எழுத்து 'மு', கடைசி எழுத்து 'லை' போல இருக்கிறது. அந்த ரீல் ஸ்கேன் ஆனதும் அந்த ஃபிரேமையும் அதற்கு முன்னும் பின்னும் பத்து ஃபிரேமையும் சுருக்காமல் மெயிலில் அனுப்பு. கேமரா லேசாக ஆடியிருக்கும், ஒரு ஃபிரேமில் மங்கியது அடுத்ததில் தெளிவாக இருக்கும். துதிக்கை இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா