மெக்கன்சியின் கல்லறையும் உங்கள் காடேறியும்

எடின்பரோ,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பெத்தாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் செட்டிபாளையத்து அம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்குக் கண் மங்கிவிட்டது என்று அம்மா சொன்னா. தம்பிதான் இதை வாசித்துக் காட்டப் போகிறான். டேய், ஒரு வரியும் விடாமல் ஆறுதலாக வாசி.

இங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி இருக்கிறா, உங்கள் வயதுதான். இரவில் நித்திரை வராது. போன கிழமை தேத்தண்ணி கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினா. "இரத்தக்கறை மெக்கன்சி, துணிவிருந்தால் வெளியே வா, தாழ்ப்பாளைத் தூக்கு, குறுக்குக் கட்டையை இழு" என்று கருத்து வரும். சின்ன வயதில் சிநேகிதிகளோடு ஒரு கல்லறைக் கதவடிக்குப் போய் இதைக் கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்களாம். சொல்லும்போது அந்த மனுசியின் கண்ணில் எட்டு வயதுப் பிள்ளை தெரிந்தது.

எனக்கு உடனே நீங்கள்தான் ஞாபகம். டவுனில் மாமி வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பழைய சேமக்காலை, இடிந்த ஒல்லாந்தர் கல்லறை, அதைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆலமரம்! "உச்சிப் பொழுதில அங்கால போகாத புள்ள, காடேறி நிக்கும்" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பீர்கள்.

லீவு நாளில் அந்தக் கிழவி சொன்ன இடத்துக்குப் போனேன். கிரேஃபிரையர்ஸ் என்று பெயர். 1562 இலிருந்து ஆட்களைப் புதைத்து வந்த சேமக்காலை. வாசலிலேயே ஒரு நாய்க்குட்டியின் கல் இருக்கிறது. எசமான் செத்த பிறகு 14 வருசம் அவர் குழியடியிலேயே கிடந்து, 1872 இல் செத்த நாயாம். அதற்கு விளையாடக் கொடுக்கிற மாதிரிச் சனங்கள் மரக்குச்சிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். சில குழிகளுக்கு மேல் இரும்புக்கூடு போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் வைத்தியம் படிக்கிறவர்களுக்கு விற்பதற்காகப் பிணங்களைக் களவெடுத்தார்களாம், அதற்குக் காவல்.

மெக்கன்சியின் கல்லறை குவிமாடம் வைத்த கல்மண்டபம். கரிப்புகை ஏறிக் கறுத்துப்போய் இருக்கிறது. நான் போன அன்று தூறல். கதவடியில் நின்று உள்ளே பார்த்தேன், இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் அந்தக் காலத்தில் அரசனுடைய பெரிய வழக்கறிஞர். 1691 இல் செத்தார். இந்த நகரத்தில் பெரிய சட்ட நூலகம் ஒன்றைத் தொடங்கிவைத்த படிப்பாளியும் அவர்தான். ஆனால் சனங்களின் வாயில் நின்றது "இரத்தக்கறை" என்ற பெயர்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். அரசன் சொன்ன விதமாகச் சாமி கும்பிட மாட்டோம் என்று ஒரு கூட்டம் எதிர்த்து நின்றது. அவர்கள்மேல் வழக்கு நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். 1679 இல் சண்டையில் தோற்ற அவர்களில் ஏறக்குறைய 1200 பேரைப் பிடித்து, இந்தச் சேமக்காலைக்குப் பக்கத்து வெளியில் அடைத்தார்கள். மேலே கூரை கிடையாது. மாதக்கணக்கில் மழையிலும் குளிரிலும் கிடந்தார்கள். இந்த ஊர்க் குளிர் எப்படியென்று இப்போது எனக்குத் தெரியும் பெத்தா, இரண்டு ஜாக்கெட் போட்டும் எலும்புக்குள் இறங்குகிறது. செத்தவர்கள் போக, சிலருக்குத் தூக்கு. கடைசியாக மிஞ்சியவர்களில் 250 பேரளவில் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஓர்க்னி தீவுகளுக்குப் பக்கத்தில் கப்பல் உடைந்து, 200 பேருக்கு மேல் கடலோடு போனார்கள். கடலோடு போவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பேய்க்கதைகளுக்கும் குறைவில்லை. 1998 இல் மழைக்கு ஒதுங்க வந்த, வீடில்லாத ஒரு மனுசன் ஒரு கல்லறையை உடைத்து உள்ளே இறங்கினானாம், அதோடு மெக்கன்சி எழும்பிவிட்டாராம். அதற்குப் பிறகு போகிறவர்களுக்கு உடம்பில் கீறல் விழுகிறது, மயக்கம் வருகிறது என்கிறார்கள். இரவில் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. அவர்களை அடைத்து வைத்த வெளியின் இரும்புக் கேற்றடியில்தான் நின்றேன். பூட்டிக் கிடந்தது. அந்த வெளியின் ஒரு துண்டு உள்ளே இருக்கிறது, இரண்டு பக்கமும் பின்னாளில் கட்டிய கல்லறைகள். ஈரப் புல்லில் ஒரு காகம் மட்டும் நடந்து திரிந்தது.

வைகாசியில் அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை படிக்கும்போது, பாண்டியன் விசாரியாமல் தீர்ப்புச் சொல்கிற இடம் வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவீர்களே, அந்த முகம்தான் கேற்றடியில் எனக்கு வந்தது. நாங்கள் அம்மனுக்குக் குளிர்த்தி பாடி அவவின் கோபத்தை ஆற்றுகிறோம். இங்கே கிடந்து செத்தவர்களுக்கு அப்படிப் பாட யாரும் இருந்தார்களோ என்று நினைத்தேன். அந்தச் சின்னப் பிள்ளைகள்தான் பாடியிருக்கிறார்கள், முந்நூறு வருசமாகியும் பெயரை விடாமல்.

மறுகா, ஒன்று கேட்க வேண்டும். நம்முடைய ஒல்லாந்தர் கல்லறையில் கிடப்பது யார்? காடேறி என்று உங்களுக்குச் சொன்னது யார், உங்கள் அம்மாவா, பக்கத்து வீட்டுப் பறங்கி ஆச்சியா? என்னைப் பயப்படுத்தத்தான் சொன்னீர்கள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதற்குள்ளும் யாருக்கோ நடந்த ஒன்று இருக்கும் என்று இப்போது படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன். தம்பி ரெக்கோர்ட் பண்ணட்டும். நீங்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகச் சொல்லுங்கள். மருந்து வாங்கக் காசு அனுப்பியிருக்கிறேன், அதை எடுத்து வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் அன்புப் பேத்தி