கோடியில சம்பளம் வாங்குற கிரிக்கெட் வீரர்களுக்கு மதுரையில இருந்து ஒரு மடல்

ஐபிஎல் வீரர்களுக்கும் அணி நிர்வாகத்துல இருக்குற பெரியவங்களுக்கும் வணக்கம்.

போன சீசன்ல கேலரியில என் தங்கச்சி மகன் கையில இருந்த சார்ட்டை செக்யூரிட்டி ஒருத்தர் பிடுங்கிட்டுப் போனாரு. எந்த கிரவுண்டு, எந்த டீம்னு இங்க சொல்லல, மெயில்ல எழுதியாச்சு, பதில்தான் வரல. அதுல கெட்ட வார்த்தை எதுவும் இல்ல, "அண்ணே, விக்கெட்ட விடாதீங்கண்ணே"ன்னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதிருந்தான், அம்புட்டுதான். டீம் தோத்துக்கிட்டு இருக்குறப்ப இந்த மாதிரி நெகட்டிவா எதுவும் காட்டக்கூடாதாம்.

நாங்க எப்படி வந்தோம்னு மட்டும் கேளுங்க. நான் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில வேலை பாக்குறேன், ஒருநாள் லீவு போட்டா ஒருநாள் சம்பளம் போச்சு, ரெண்டு டிக்கெட்டுக்கே என் ஒரு வாரச் சம்பளம் காலி. ராத்திரி ரயில்ல அன்ரிசர்வ்டுல ஏறி, கக்கூஸ் கதவுகிட்ட பேப்பரை விரிச்சு அவனை மடியில சாய்ச்சுக்கிட்டேன், பய சார்ட்டு கசங்கிரக்கூடாதுன்னு உருட்டி ரப்பர் பேண்டு போட்டு விடியுற வரைக்கும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டே தூங்குனான். திரும்பி வர்றப்ப அவன் மணிக்கட்டுல அந்த ரப்பர் பேண்டு மட்டும்தான் இருந்துச்சு.

எங்க ஊர்ப்பக்கம் தை மாசம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்ல ஜல்லிக்கட்டு வந்து பாருங்க. திமிலைப் பிடிக்காம வாலைப் பிடிச்சா கேலரியே எந்திரிச்சு கத்தும், மைக்குல "வாலைப் பிடிக்காத, வெளிய போ"ன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லுவாங்க. கொம்பு குத்துனா உசுரே போகும், ஒரு மாட்டைப் பிடிச்சா பீரோவோ சைக்கிளோ கிடைக்கும், அம்புட்டுதான். அப்படியிருந்தும் எந்தப் பயலும் ஏன் கத்துறீங்கன்னு கேக்க மாட்டான், மண்ணைத் தட்டிட்டு மறுபடி வாடிவாசல் முன்னாடி போய் நிப்பான்.

2024 நவம்பர் ஏலத்துல ரிஷப் பந்துக்கு 27 கோடி. லீக்ல 14 மேட்ச், பிரிச்சுப் பாத்தா மேட்ச்சுக்கு 1 கோடியே 90 லட்சத்துக்கு மேல. வாங்கட்டும், திறமை இருக்கு, எனக்கு வயித்தெரிச்சல் கிடையாது. ஆனா 2023ல இருந்து அஞ்சு வருசத்துக்கு ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போச்சே, அது யாரு பாக்குறதுக்காக? எங்க கண்ணு வேணும், வாய் மட்டும் வேண்டாம்னா எப்படி?

மும்பை இந்தியன்ஸ் கேப்டனா இருந்த ஹர்திக் பாண்டியாவைப் பாத்து 2024 ஐபிஎல்ல மும்பை வான்கடே ஸ்டேடியத்துல சொந்த டீம் ரசிகர்களே கூச்சல் போட்டாங்க, டாஸ்ல வர்ணனையாளர் மஞ்ச்ரேக்கர் ஒழுங்கா இருங்கன்னு சொல்ற அளவுக்கு. அந்த மனுசன் பதிலுக்கு யாரையும் திட்டல. அதே வருசம் ஜூன் 29ல டி20 உலகக்கோப்பை ஃபைனல், கடைசி ஓவர்ல 16 ரன்னைக் காப்பாத்துனாரு, கோப்பையோட வந்தப்ப ஜூலை 4ல அதே வான்கடே ஹர்திக் ஹர்திக்னு அதிருச்சு. கூச்சல் போட்டவன் வெறுத்துட்டான்னு நினைக்காதீங்க, வெறுத்தவன் டிவியை அமத்திட்டுப் படுத்துருவான்.

ஆனா 2021 டி20 உலகக்கோப்பையில பாகிஸ்தான்கிட்ட இந்தியா தோத்தப்ப பவுலர் ஷமியை மதத்தை இழுத்துத் திட்டுனாங்களே, அது விமர்சனமே இல்ல. வீட்டுப் பொம்பளைங்களை, பிள்ளைங்களைப் பேசுறவன் மேல கேஸ் போடுங்க, நானே சாட்சிக்கு வர்றேன். மோசமான ஷாட்டுக்கு ஊ...ன்னு கத்துறதும் அதுவும் ஒண்ணு கிடையாது, ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க.

ஏற்கனவே தண்ணி பாட்டிலை கேட்லயே வாங்கி வச்சுக்கிறீங்க, உள்ள என்ன விலை சொன்னாலும் வாங்கிக் குடிக்கிறோம், டிக்கெட்டுக்கு ஆன்லைன்ல மணிக்கணக்கா காத்துக் கிடக்குறோம், அடிக்கிற வெயிலுக்கு மேல கூரை கூட இல்லாத இடத்துல ஒக்காந்து பாக்குறோம், எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டோம், தோத்தா வாயைத் திறக்கக்கூடாதுங்கிறதை மட்டும்...

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கிருங்க. கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். நல்லா ஆடுனா கை தட்டுறோம், ஆடலைன்னா கத்துறதையும் காது குடுத்துக் கேளுங்க. தங்கச்சி மகன் இந்த சீசனுக்கும் சார்ட்டு வாங்கி வச்சிருக்கான், இன்னும் எதுவும் எழுதல. என்ன எழுதுனாலும் அதைப் பிடுங்க வேண்டாம்னு உங்க ஆளுங்ககிட்ட தயவுசெஞ்சு சொல்லிருங்க.